கல்மரங்களுக்கு நடுவே நீங்கள் கேட்டது

1988 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருபது நிமிடம். மல்லாட்டை மூட்டை ஒன்று.

அத்தை, காதர் பாய் வேனிலிருந்து அதை இறக்கிக் கடை வாசலில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார். வாய்க்கட்டை அவிழ்த்ததும் ஈர மண் வாசனை குப்பென்று வந்தது. உங்கள் கீழ்பென்னாத்தூர் கொல்லை மண். நீங்கள் இல்லாமல் பிடுங்கிய முதல் மல்லாட்டை. செல்வி ஒரு படி கடலை எடுத்து அலசி அடுப்பில் ஏற்றிவிட்டாள். அலசிய தண்ணீர் செம்மண் கரைந்து வாசல் வரைக்கும் ஓடிக் கிடக்கிறது. உங்கள் சின்ன மகள் அழவில்லை. மூட்டையை வழியில் போட்டு வைத்திருக்கிறேன் என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூட்டையோடு ஒரு சேதியும் வந்தது.

"ஒங்க மாமனார் சொல்லச் சொன்னாருங்க. வர்ற வெள்ளிக்கெழம பெரிய பொண்ண அவங்க வூட்டுல கொண்டும்போயி வுடப்போறாராம். நீங்களும் கூட வந்து நிக்கணுமாம்" என்றார் காதர் பாய்.

"அண்ணி என்னா சொல்றாங்க?"

"அத நான் எப்டிங்க கேக்கறது? பின்கட்டுல ஒக்காந்து மல்லாட்டை கிள்ளிக்கினு இருந்துச்சு. தலையத் தூக்கல."

உங்கள் பெரிய மகளை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். போன வருஷப் பொங்கலுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. வரும்போது தோளில் கன்றிப்போயிருந்தது என்று செல்வி சொன்னாள். முதல் தடவை இல்லை, உங்களுக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்காரர், என் சகலை, அரசாங்க ஆபீசில் நிரந்தர வேலையில் இருக்கிறார். மாமாவுக்கு அது போதும். நீங்கள் இருந்தவரைக்கும், எப்போது அனுப்புவது என்று மாமா ஆரம்பித்தாலே, "அவ போறப்ப போவா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். இப்போது அதைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. நான் சின்ன மாப்பிள்ளை. சகலை வீட்டு விவகாரத்தில் சின்ன மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. கூட வந்து நிற்கலாம். அவ்வளவுதான்.

செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்ட வேண்டிய மோட்டார் ஒன்று மேசை மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். உங்களைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நீங்களும் நானும் பேசிக்கொண்டதே கிடையாது. மாப்பிள்ளை முன்னால் மாமியார் உட்காரக் கூடாது, நேராகப் பேசக் கூடாது என்பதை நீங்கள் கடைசி வரைக்கும் விடவில்லை. நான் கூடத்தில் இருந்தால் நீங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பீர்கள். "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமானு கேளு" என்று செல்வியிடம் சொல்வீர்கள். செல்வி இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வீர்கள். "ரசம் இருக்குது, வேணும்னா போட்டுக்கலாம்" என்று ஒரு தடவை தூணைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நான் தூணுக்குப் பதில் சொன்னேன். எனக்கு இந்தச் சுற்றுவழியெல்லாம் ஆகாது. ஒயரை நேராக இழுத்தால் முடிகிற வேலைக்கு எதற்கு இத்தனை வளைவு என்று செல்வியிடம் கத்தியிருக்கிறேன்.

ஆனால், கடைசியில் ஆஸ்பத்திரியில் பேசிய நாலு வார்த்தையை விட்டால், ஒரே ஒரு தடவை நேராகப் பேசியிருக்கிறோம். அரைமணி நேரம் இருக்கும். நான் யார் என்று நீங்கள் அறியாமல் ஆரம்பித்தது. நீங்கள் யார் என்று நான் அறியாமலேயே முடிந்தது.

1983, மாசி மாதம், திருவக்கரை.

பெண் பார்ப்பதை நம் ஊர்ப் பெரிய கோயிலிலேயே வைத்திருக்கலாம். வைத்தால் மத்தியானத்துக்குள் தேரடி வீதி முழுக்கத் தெரிந்துவிடும். அமையாவிட்டால் பெண்ணுக்கும் பேர், பையனுக்கும் பேர். எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதனால் தரகர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு குடும்பமும் யாருக்கும் தெரியாத ஊரில் காளி கோயிலுக்குச் சாமி கும்பிட வந்த மாதிரி வருவது, பக்கத்தில் கல்மரம் பார்க்க வந்த மாதிரி சுற்றுவது, பிடித்தால் பேசுவது, பிடிக்காவிட்டால் அவரவர் வண்டியில் ஏறிப் போய்விடுவது. நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருக்கும் "கோயில்ல" என்று சொன்ன மனுஷன், சர்க்கரை ஆலையில் வேலையில் இருந்த எனக்கு மட்டும் "கல்மரத்துக்கிட்ட" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நான் ஷிப்ட் முடிந்து நேராக பஸ் ஏறி வந்து இறங்கினேன். சட்டையில் கரும்புப்பால் வாடை. கம்பி வேலிக்குள் ஒரு செம்மண் மேடு, அதன் மேல் அங்கங்கே மரங்கள் விழுந்து கிடந்தன. கூரை கிடையாது, சுவர் கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது. கண்ணுக்கு மரம். பட்டை, முடிச்சு, வளையம் எல்லாம் இருந்தது. கையை வைத்தால் கல், அதுவும் வெயிலில் காய்ந்த கல். ஓரமாக அரசாங்கப் பலகை ஒன்று. இரண்டு கோடி ஆண்டுகள் என்று எழுதியிருந்தது.

நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒயர் கூடையோடு, ஒரு நீளமான மரத்தின் பக்கத்தில் நின்று காவலாளியிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அசுரனோட எலும்புன்னாங்க. வேன்காரர் டைனோசர் கெடக்குதுன்னாரு. பாத்தா புளியமரம் மாதிரி இல்ல இருக்குது?"

காவலாளி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எலும்பு இல்லீங்கம்மா. டைனோசரும் இல்ல. அதெல்லாம் இதுக்கு ரொம்ப முந்தியே செத்துப்போச்சு. இது மரம்தான். மண்ணுல பொதைஞ்சு, தண்ணியில கரைஞ்சிருக்கிற சிலிக்கா உள்ள எறங்கி, மரம் இருந்த எடத்துல கல்லு வந்து ஒக்காந்துக்கிச்சு."

"எத்தினி வருஷமாச்சாம்?"

"ரெண்டு கோடி."

நீங்கள் மரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பார்த்தீர்கள்.

"ஜாஸ்திதான்" என்றீர்கள்.

பிறகு தனியா வந்தியா என்று கேட்டீர்கள். நான் சொன்னேன், பொண்ணு பாக்க வந்தேன் என்று. வேலியோர வேப்பமரத்தடியில் ஒரு குடும்பம் எலுமிச்சஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, நீலத் தாவணியில் ஒரு பெண். அங்கே வேறு குடும்பம் இல்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"அதோ, நீலத் தாவணி. கீழ்பென்னாத்தூருங்க. அப்பா நெலம் வெச்சிருக்காராம்."

சொம்பை எடுக்கக் கூடைக்குள் போன உங்கள் கை அப்படியே நின்றது. நீங்கள் அந்தக் குடும்பத்தை ஒரு தரம் பார்த்தீர்கள், என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"பொண்ணு புடிச்சிருக்குதா?"

"பொண்ணுகிட்ட ஒண்ணும் கொறை இல்லீங்க. தகராறு என்கிட்டதான். எங்கம்மா பர்மனென்ட் வேலைனு சொல்லி வெச்சிருக்காங்க. நான் சீசன் ஆளு. கரும்பு வர்ற வரைக்கும்தான் வேலை. ஆனியில ஆலைய மூடினா கார்த்திகை வரைக்கும் வூட்டுல. அத இன்னிக்கு அவங்கப்பாகிட்ட சொல்லிடப்போறேன்."

"சொன்னா குடுப்பாரா?"

"குடுக்க மாட்டாரு. போன ரெண்டு எடத்துலயும் சொன்னேன். காபியக் குடிச்சிட்டு கெளம்புங்கன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு சொல்றே?"

"கட்டிக்கிட்ட அப்புறம் தெரிஞ்சா?"

மரத்தின் மேல் ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே அடுத்தது கேட்டீர்கள்.

"ஆலைய மூடின மாசத்துல என்னா செய்வே?"

"கெணத்து மோட்டார் ரிப்பேர் பண்ணுவேன்."

"ஆள வெச்சா? நீயே கெணத்துல எறங்குவியா?"

"நானே எறங்குவேன்."

"கோவம் வருமா?"

"வரும். பொறுமை கம்மி."

"வந்தா என்னா பண்ணுவே?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சம்பளம் கேட்டிருக்கிறார்கள், ஜாதகம் கேட்டிருக்கிறார்கள், சிகரெட் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். நின்று யோசித்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ஸ்பேனரத் தூக்கிப் போட்டுட்டு வெளிய போயிடுவேங்க. சைக்கிள எடுத்துக்கினு மலைய ஒரு சுத்து சுத்தி வந்தா எறங்கிடும்."

"ஆளு மேல போடுவியா?"

"ஸ்பேனரா?"

"ம்."

"இதுவரைக்கும் போட்டதில்ல. போட மாட்டேன்."

நீங்கள் சொம்பை எடுத்து நீட்டினீர்கள். நான் அண்ணாந்து முழுவதையும் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு தம்பி. அப்பன்காரன்கிட்ட சொல்லாதே. பொண்ண பெத்தவகிட்ட சொல்லு. அவகிட்ட சொல்லிட்டா போதும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயம் என்று பட்டால் உடனே செய்துவிட வேண்டும் எனக்கு. நேராக வேப்பமரத்தடிக்கு நடந்தேன். சோற்றை உருட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா முன்னால் நின்று சொன்னேன்:

"அம்மா, நான் பர்மனென்ட் இல்லீங்க. சீசன் ஆளு."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எங்களுக்கு ஆளு எதுவும் வேணாம்பா. நாங்களே வெளியூரு."

"வேலைக்கு இல்லீங்க. ஒங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன். ஆனியில இருந்து சம்பளம் கெடையாது."

"யாருய்யா நீ?" என்று அவர் வீட்டுக்காரர் எழுந்தார்.

"மாப்பிள்ளைங்க."

நீலத் தாவணிக்குப் புரையேறிவிட்டது. வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவாமல் என் பக்கம் வந்தார். நல்ல வேளை, வேலிக்கு வெளியே தரகர் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். "தம்பி, இங்க என்னா பண்றே? அங்க கோயில்ல பொண்ணு வூட்டுக்காரங்க எல்லாம் ஒரு மணி நேரமா காத்துக்கினு இருக்காங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தீர்கள். செருப்பு இன்னும் கையில்தான். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தீர்கள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கோயில் மண்டபத்தில் செல்விக்குப் பக்கத்தில் உங்களைப் பார்த்தபோதுதான் நீங்கள் யார் என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. தூணைப் பார்த்தீர்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆலை வேல பர்மனென்ட்தானே?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"அவருக்குத் தண்ணி குடு செல்வி. வெயில்ல நடந்து வந்திருக்காரு" என்றீர்கள்.

'நீ' போய் 'அவர்' வந்துவிட்டது. நான் சொம்பை வாங்கிக் குடித்தேன். ஒரு சொம்பு ஏற்கெனவே உள்ளே இருந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் என் அம்மா மாமாவுக்குப் பதில் சொல்லிவிட்டாள். நான் பேசவில்லை. பெண்ணைப் பெற்றவளிடம் சொல்லியாகிவிட்டது.

வைகாசியில் கல்யாணம். ஆனியில் ஆலையை மூடினார்கள். ஆடி முதல் வெள்ளிக்கு, புதுப்பெண்ணை அழைத்துப்போக மாமா சீர்த்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பனியனோடு உட்கார்ந்து கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய்விட்டீர்கள்.

"ஆலைக்குப் போவலியா மாப்ள?"

"மூடிட்டாங்க மாமா."

"எப்போ தொறப்பாங்க?"

"கார்த்திகையில."

மாமா தட்டைத் தரையில் வைத்தார். என் அம்மாவிடம் திரும்பினார். "பர்மனென்டுனு சொன்னீங்களே சம்மந்தி?" அம்மா தரையைப் பார்த்தாள். "ஏமாத்திட்டீங்க. கெளம்பு செல்வி. ஆடி முடிஞ்சாலும் இவ திரும்பி வர மாட்டா."

செல்வி என்னைப் பார்த்தாள். வாடிப்போன முகம். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"சீசன் வேலைனு தெரியும். பாக்க வந்த அன்னிக்கே அந்தத் தம்பி சொல்லிடுச்சு. நாந்தான் ஒங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா குடுத்திருக்க மாட்டீங்க. பர்மனென்டு பாத்துத்தானே பெரியவள குடுத்தீங்க? எத்தினி தபா தோள்ல தடத்தோட வந்து நின்னா. அந்த வேல அவளுக்கு என்னாத்துக்கு ஆச்சு?"

மாமா செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நீங்கள் தட்டில் இருந்த பூவை எடுத்து எங்கள் சாமி படத்துக்கு வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனீர்கள். ஆவணி பிறந்ததும் செல்வியைக் கொண்டுவந்து விட்டது நீங்கள்தான், பஸ்ஸில், தனியாக. மாமா உங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சோறு வேண்டுமென்றால் கன்றுக்குட்டியிடம் சொல்வார் என்று செல்வியிடம் சொல்லிச் சிரித்தீர்களாம். அவள் எனக்குச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆவணியிலிருந்து கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயிகள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். யார் சொன்னது என்று கேட்டால் "ஒங்க மாமியாருதான். எங்க மாப்ள நேரா கெணத்துல எறங்குவாருன்னாங்க" என்பார்கள். இந்தக் கடை அப்படி வந்தது. மார்கழியில் மாமாவின் மோட்டாரே புகைந்தது. மாமா கூப்பிடவில்லை. நீங்கள் காதர் பாயிடம் சொல்லியனுப்பினீர்கள். நான் போய் இறங்கினேன். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமா. ஏறி வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "சாப்ட்டுட்டு போங்க மாப்ள" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "எல போடு" என்றார். கன்றுக்குட்டி அப்போது பக்கத்தில் இல்லை.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம். செல்வி ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தாள். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

"தம்பி."

அந்த வார்த்தையை என்னைப் பார்த்து நீங்கள் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது.

"சொல்லுங்க அத்தை."

"அந்த நீலத் தாவணிக்குக் கல்யாணம் ஆயிருக்குமா?"

"ஆயிருக்குங்க."

"பர்மனென்டு மாப்ளயா பாத்திருப்பாங்க."

சிரித்தீர்கள். இருமல் வந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். இருமல் நின்றதும் நான் கேட்டேன், பல நாள் கேட்க நினைத்ததை. அவங்க பொண்ணு வூட்டுக்காரங்க இல்லனு தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் என்னைத் தடுக்கல?

"போறியானு பாத்தேன்."

பிறகு சொன்னீர்கள்: "பெரியவளுக்கு நான் அப்டி எதுவும் கேக்கல தம்பி. அவனையும் கேக்கல. அவளையும் கேக்கல."

படியில் செல்வியின் செருப்புச் சத்தம் கேட்டது. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவள் உள்ளே வந்ததும், "மாப்ளைக்குக் காபி வாங்கியாந்து குடு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் எதுவும் பேசவில்லை. அதற்கு நாளும் இல்லை.

எனக்கு உங்கள் பொறுமை வராது அத்தை. கதவுக்குப் பின்னால் நிற்கவும் தெரியாது. நீங்கள் ஏழெட்டுக் கேள்வி கேட்டு ஒரு ஆளை எடை போட்டீர்கள். அதற்கான விலையை மாமாவின் மௌனத்தில் கொடுத்தீர்கள். என் குடித்தனம் அதன் மேல் நிற்கிறது. அண்ணிக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கிறது. எழுதிக்கொண்டே வந்ததில் செய்யவேண்டியது தெளிந்துவிட்டது:

1. நாளைக்குக் கடை லீவு. கீழ்பென்னாத்தூருக்கு முதல் பஸ்.

2. மாமாவிடம் நேராகச் சொல்வது: வெள்ளிக்கிழமை நான் வந்து நிற்க மாட்டேன். அண்ணியைக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது.

3. அவர் கத்துவார். எழுந்து வெளியே போகக் கூடாது. முழுக்கக் கேட்பது.

4. என்னோடு பேசுவதை நிறுத்தினால் நிறுத்தட்டும். மோட்டார் கெட்டால் அப்போதும் போய் இறங்குவது.

5. இதை இரண்டுக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். முதலில் பின்கட்டுக்குப் போய் அண்ணியிடம் கேட்பது, போறீங்களா, இருக்கீங்களா என்று. அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். சொல்லும்வரைக்கும் நிற்பது.